மரியாதை நிறுத்தம்

மாரமங்கலம் சின்னராஜைப் போலீஸ் கைது செய்ததாக ஊரில் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. ஒரு மத்தியானம் தொடங்கி மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அவர் ஏற்காட்டில் மரியாதையாக நிறுத்தி வைக்கப்பட்டார், அவ்வளவுதான். கைது வேறு, மரியாதை நிறுத்தம் வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்குப் பல தடவை பொறுமையாக விளக்கிச் சொன்னார்கள். அவரும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டார்.

மரியாதை நிறுத்தப் பிரிவு புதிதாக வந்தது. அதற்கு முன்பு போலீஸ்காரர்கள் சாலையில் போகிறவர்களைச் சும்மா நிறுத்திக்கொண்டிருந்தார்கள். சும்மா நிறுத்துவதாகப் புகார் போனது. மேலிடத்தில் கூடிப் பேசி, இனி யாரையும் சும்மா நிறுத்தக் கூடாது, மரியாதையாகத்தான் நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் தள்ளி, முன்பு நாற்று விற்றுக்கொண்டிருந்த தகரக் கொட்டகை ஒன்றை அதற்காக ஒதுக்கினார்கள். உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நிறுத்தப்பட்டவர்களுக்கு ஒரு பெஞ்சு. சுவரில் ஒரு பெரிய பலகை. கைது செய்யப்பட்ட நபரின் உரிமைகள் என்று அதில் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது. நாற்று போய் வெகு காலமாகியும் எருவாடை மட்டும் போகவில்லை.

பிரிவுக்கு எஸ்.ஐ.யாக வந்தவர் ஜெப்சன். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். மலைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வருவதற்கு முன் கைதுச் சட்டம் பற்றிய பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருந்தார். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், சொந்தக்காரர்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று அங்கே கற்றுக்கொடுத்தார்கள். இவ்வளவு தொல்லையும் வேண்டாமென்றால் கைது செய்யாமல் இருந்துவிடலாம் என்பதை ஜெப்சன் தானாகவே கற்றுக்கொண்டார்.

அவருக்குத் துணையாக ஏட்டு வேலுசாமி. சேலத்துக்காரர். ஓய்வு பெறப் போகிறவர். அதற்குள் யாருக்கும் எதையும் திருத்திச் சொல்லாமல் இருந்துவிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

சின்னராஜ் அன்று காலையில் சேலத்துக்குப் போனது ஒரு செம்புத் தகட்டுக்காக. அவருக்கு ஏற்காட்டைத் தாண்டி மாரமங்கலத்தில் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோலுரித்துவிட வேண்டும். பல்பர் என்பது கையால் சுற்றுகிற மிஷின். உள்ளே இருக்கும் உருளையைச் சுற்றி, குமிழ் குமிழாகப் புடைத்த செம்புத் தகடு ஒன்று இருக்கும். அந்தக் குமிழ்தான் பழத்தை நசுக்கித் தோலைப் பிதுக்கும். குமிழ் தேய்ந்தால் கொட்டை வெட்டுப்படும். அந்த வருடம் குமிழ் மொழுக்கென்று தேய்ந்துவிட்டது. பழமோ எல்லாம் ஒரே சமயத்தில் சிவந்துவிட்டது. மனைவி ஆராயி ஆட்களை வைத்துப் பறித்துக்கொண்டிருக்க, இவர் முதல் பஸ்ஸில் இறங்கிப் போய்ச் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றில் முன்பே சொல்லி வைத்திருந்த புதுத் தகட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார். தோலுரிக்காத பழம் கிடந்தால் சூடேறும். சூடேறினால் புளிக்கும். புளித்த காப்பியை வியாபாரி மோந்து பார்த்தே தள்ளிவிடுவார். வெயில் காலமாக இருந்தால் பழத்தோடு காயப்போட்டு ஒப்பேற்றலாம். மார்கழி மூட்டத்தில் மலையில் துணியே காய்வதில்லை. பக்கத்து ஊர் செம்மநத்தத்தில் ஒருவரிடம் பல்பர் உண்டு, ஆனால் அவர் பழத்துக்கே அது ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்கு வருடம் முழுவதற்கும் இந்த ஒரு பழம்தான்.

ஆகையால் சின்னராஜ் ஏற்காட்டில் சேலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அவசரமாக இறங்கினார். சாக்கில் சுற்றிய தகடு கக்கத்தில் இருந்தது. எதிரே ஒருவர் காக்கி உடுப்பில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பஸ் நேரம் தெரிந்தவராக இருக்கும் என்று சின்னராஜ் நினைத்தார்.

"ஏனுங்க, மாரமங்கலம் பஸ்ஸு போயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

இதில் எந்தத் தப்பும் இல்லை. சேலம் பக்கத்தில் யாரைக் கூப்பிட்டாலும் ஏனுங்க என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்காரரை, கண்டக்டரை, கட்டின புருஷனை, வழி தெரியாமல் நிற்கும் ஆளை, எல்லோரையும் அப்படித்தான். அதில் கேள்வி எதுவும் கிடையாது. கொஞ்சம் மரியாதை உண்டு.

ஜெப்சனின் கை தூக்கியபடியே நின்றுவிட்டது. அதுவரை ஆட்களை நிறுத்திப் பேசியதெல்லாம் வேலுசாமிதான். பயிற்சி வகுப்பில் இந்த இடத்தை அடிக்கோடு போட்டுச் சொல்லியிருந்தார்கள். நிறுத்தப்பட்டவர் காரணம் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் யாரும் கேட்க மாட்டார்கள், கவலைப்படாதீர்கள் என்றும் சொல்லியிருந்தார்கள்.

"ஏட்டையா, கேட்டீரா?" என்றார் ஜெப்சன். "நான் இன்னும் வாயே தொறக்கல. அதுக்குள்ள காரணம் கேக்கான்."

வேலுசாமி தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "அது வந்துங்கய்யா, அப்படி இல்லைங்க."

"ஏன்னு கேட்டானா இல்லியா?"

"கேக்கறாப்பல இருக்குமுங்க. ஆனா கேக்கறதில்லைங்க."

"கேட்டுட்டுக் கேக்காத மாதிரி இருக்கானா? அப்ப வெவரமான ஆளுதான்."

வேலுசாமி தொப்பியை மாட்டிக்கொண்டார்.

ஜெப்சனுக்கு உண்மையிலேயே சங்கடமாகத்தான் இருந்தது. அவர் சின்னராஜை நிறுத்தியதற்குக் காரணம் எதுவும் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கினவர்களில் எதிரே வந்தவர் அவர். அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. காரணம் கேட்ட ஒருவரைக் காரணம் சொல்லாமல் அனுப்பிவிட்டால் சட்டத்தை மீறியதாகிவிடும். ஜெப்சன் சட்டத்தை மீறாதவர். எனவே காரணம் கிடைக்கிற வரைக்கும் சின்னராஜைக் கொட்டகையில் உட்கார வைத்தார்.

"பயப்படாத. நீ கைது கெடயாது," என்றார்.

"சரிங்க. அப்பப் போலாமுங்களா?"

"தாராளமாப் போகலாம். அது ஒன் உரிமை."

சின்னராஜ் எழுந்தார்.

"எங்க போற?"

"போலாமுன்னு சொன்னீங்களே."

"போகலாம்னா போகலாம்னுதான் அர்த்தம். போன்னா அர்த்தம்? உரிமையச் சொன்ன ஒடனே எடுத்துப் பயன்படுத்துனா எனக்குச் சந்தேகம் வரும்லா?"

சின்னராஜ் உட்கார்ந்தார்.

சாக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். வளைந்த செம்புத் தகடு பளபளவென்று மின்னியது. அதன் மேல் ஆயிரம் குமிழ்.

"இது என்னது?"

"பல்பர் தகடுங்க."

"பல்பா? எந்தத் தெருவுல களவாண்டது?"

"பல்பு இல்லைங்க, பல்பர். காப்பிப் பழந் தோலுரிக்கற மிஷினுங்க. ஏனுங்க, பழம் புளிச்சுப் போயிருமுங்க. சித்த வெரசா உட்டீங்கன்னா..."

"பாரும், மறுபடி கேக்கான்," என்றார் ஜெப்சன். தகட்டை மேசை மேல் வைத்தார். பறிமுதல் செய்யவில்லை. பறிமுதல் செய்தால் அதற்கொரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும். தகடு மேசை மேல் இருந்தது, அவ்வளவுதான்.

மாரமங்கலம் பஸ் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு போனது கொட்டகையிலிருந்து தெரிந்தது.

சாயங்காலம் போல டீக்கடைச் சுதாராணி டீ நிறைந்த தூக்குப் போசியோடு வந்து எட்டிப் பார்த்தாள். தினமும் வருகிறவள்தான். எஸ்.ஐ.க்கு இதுவரை வேலுசாமிதான் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். அன்று அவளே நேராக மேசைக்கு வந்தாள். "ஏனுங்க, டீ ஊத்தட்டுங்களா?" என்றாள்.

ஜெப்சன் அவளை வெகு நேரம் பார்த்தார். "எனக்கு எதுக்கு டீ ஊத்தணும்னு கேக்கியா?"

"வேண்டாமுன்னா போங்க. பாலு ஆறுது."

அவளுக்குப் பிறகு கரண்டு கட்டணம் பற்றிச் சொல்ல வந்த ஆள், வழி கேட்ட லாரி டிரைவர், காணாமல் போன மாட்டைத் தேடிக் கொட்டச்சேடு கிராமத்திலிருந்து வந்த பெண் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் உள்ளே நுழையும்போதே காரணம் கேட்டார்கள். மாட்டைத் தேடி வந்த பெண் மூன்று முறை கேட்டாள். ஜெப்சன் காகிதத்தை எடுத்தார். மேலதிகாரிக்கு ஓர் அறிக்கை எழுதி அன்றே அனுப்பினார். ஏற்காடு மலையில் பொதுமக்களிடையே சட்ட அறிவு அபாயகரமான அளவில் பரவியிருப்பதாகவும், படிப்பறிவில்லாதவர்கள்கூட முதல் வார்த்தையிலேயே காரணம் கோருவதாகவும், இதன் பின்னால் ஏதோ ஓர் அமைப்பு இருக்கக்கூடும் என்றும் அதில் இருந்தது.

ஜெப்சன் சாப்பிடப் போனதும் வேலுசாமி பெஞ்சருகே வந்தார்.

"சின்னராஜு, நாஞ் சொல்றதக் கேளு சாமி. அந்த வார்த்தைய மட்டும் அவருகிட்டச் சொல்லாத. உட்டுருவாரு."

"எந்த வார்த்தைங்க?"

"அதான், நீ எப்பவுஞ் சொல்ற வார்த்தை."

"ஏனுங்க, எதைச் சொல்றீங்க?"

வேலுசாமி போய் வாசலில் நின்றுகொண்டார். அன்று இரண்டாவது முறையாக, ஓய்வு பெற இன்னும் எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணினார்.

சின்னராஜுக்கு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பலகையைப் படித்தார். கைது செய்யப்பட்ட நபருக்கு என்ன காரணம் என்று சொல்லப்படும். கைது செய்யப்பட்ட நபரின் உறவினருக்குத் தகவல் தரப்படும். கைது செய்யப்பட்ட நபர் வக்கீலைப் பார்க்கலாம். கைது செய்யப்பட்ட நபரை மருத்துவர் பரிசோதிப்பார். படிக்கப் படிக்க அவருக்கு ஆசையாக இருந்தது. இவ்வளவு வசதி இருப்பது இத்தனை நாளாகத் தெரியாமல் போயிற்று. ஜெப்சன் திரும்பி வந்ததும் எழுந்து கும்பிட்டார்.

"என்னையக் கைது பண்ணீருங்க சார்."

ஜெப்சன் முகம் சிவந்துவிட்டது. "கைதுன்னா என்ன, கேட்டவொடனே எடுத்துக் குடுக்கிற சாமானா? அதுக்குத் தகுதி வேணும். குத்தம் வேணும், சாட்சி வேணும். ஒங்கிட்ட என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க."

"அப்ப எப்படிக் கைது பண்ண?"

"சரி, ஊட்டுக்காவது ஒரு போன் போட்டுச் சொல்லீருங்க. எங்கூட்ல ஒரே போனுதான், அது அவகிட்ட இருக்குது. பழத்தக் குமிச்சு வெச்சுட்டு எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பா."

"தகவல் சொன்னா அது கைது ஆயிரும்லா. தெரியாத மாதிரி என்னைய மாட்டி விடப் பாக்க. பலகையப் படிச்சியா நீ?"

"படிச்சனுங்க."

"அதான பாத்தேன்," என்றார் ஜெப்சன்.

கடைசி பஸ்ஸும் போனது. சின்னராஜ் பெஞ்சிலேயே படுத்துக்கொண்டார். வேலுசாமி தன் கம்பளியைக் கொடுத்தார். மணிக்கு ஒரு தரம், நீங்கள் விரும்பினால் போகலாம் என்று நிறுத்தப்பட்டவருக்கு நினைவூட்ட வேண்டும் என்பது விதி. நினைவூட்டுவதற்காக மணிக்கு ஒரு தரம் அவரை எழுப்பினார்கள்.

ஆராயிக்குத் தகவல் போலீஸ் மூலமாகப் போகவில்லை, பஸ் கண்டக்டர் மூலமாகப் போனது. காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சேலை முழுக்கக் காப்பிப் பழக் கறை. கொட்டகை வாசலில் நின்று புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இங்கெதுக்கு ஒக்காந்திருக்கறீங்க?"

"தெரியல ஆராயி. என்னைய நிறுத்தியிருக்கறாங்க. ஆனா போலாமாமா."

"அப்ப வாங்க போலாம்."

"போனா சந்தேகம் வருமாமா."

ஜெப்சன் வேலுசாமியிடம் மெதுவாகச் சொன்னார்: "சொந்தப் புருஷன்கிட்டயே காரணம் கேக்கா. குடும்பமே இப்படித்தான் போல."

ஆராயி ஜெப்சனைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஏனுங்க, இவரு என்னங்க பண்ணுனாரு? பழம் பூராத்தையுந் தொட்டியில போட்டுத் தண்ணி உட்டு வெச்சிருக்கறனுங்க. மேல நொரை கட்ட ஆரம்பிச்சிருச்சு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஓட்டீட்டாப் பொழைக்கும். இல்லீன்னா நொம்பக் கஷ்டமுங்க."

"அம்மா, அதையேதான் நாங்களும் ராத்திரி பூரா யோசிச்சோம்," என்றார் ஜெப்சன் பரிவோடு. "அவர் என்ன பண்ணுனாருன்னு. ஒண்ணும் கெடைக்கல. கெடைச்ச ஒடனே அனுப்பிருவோம்."

ஆராயி பெஞ்சில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளையும் கைது செய்யவில்லை.

மத்தியானம் தாண்டியதும் சின்னராஜ் பலகையைக் காட்டி, இருபத்து நாலு மணி நேரம் ஆகிவிட்டதே என்றார். "அது கைதானவனுக்கு ஓடுற கடிகாரம்," என்றார் ஜெப்சன். "ஒனக்கு இன்னும் ஓட ஆரம்பிக்கல."

அறிக்கையைப் படித்துவிட்டு டி.எஸ்.பி. தேவகுமாரி மூன்று மணிக்கு மேல் நேரிலேயே வந்துவிட்டார். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். மூட்டத்தில் கார் மெதுவாகத்தான் ஏறியதாம். கொட்டகையில் எருவாடைக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சின்னராஜையும் ஆராயியையும் எதிரே நிற்க வைத்தார்கள்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் தேவகுமாரி. "இந்தப் பிரிவு ஆரம்பிச்சதிலேருந்து இங்க ஒரு கைதுகூட நடக்கல. எங்க டிபார்ட்மென்ட்டே பெருமைப்படற விஷயம் இது. மனித உரிமைன்னா என்னான்னு நாங்க காட்டியிருக்கோம். கைது பண்ணினா சட்டம் உள்ள வந்துடும். சட்டம் உள்ள வந்தா நாங்க வெளிய நிக்கணும். அந்த மாதிரி நிலைமைக்கு நாங்க யாரையும் ஆளாக்கறதில்ல."

ஜெப்சன் தலையை ஆட்டினார்.

"நான் எத்தனையோ ஊர்ல வேலை பாத்துட்டேன். யாரும் ஏன்னு கேட்டதில்ல. படிச்சவங்க கேக்கவே மாட்டாங்க. அவங்க யாருக்காவது போன் பண்ணுவாங்க. படிக்காதவங்க அழுவாங்க. ரெண்டுமே எங்களுக்குப் பழக்கம். நீங்க ரெண்டும் பண்ணாம நேரா ஏன்னு கேக்கறீங்க. உங்களுக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தா?"

சின்னராஜுக்குப் புரியவில்லை. "எதையுங்க?"

"பெரியவங்களைப் பாத்தா முதல்ல இப்படித்தான் பேசணும்னு."

இது அவருக்குப் புரிந்தது. "எங்கம்மாங்க," என்றார். "பெரியவிங்ககிட்ட மருவாதியாப் பேசோணுமுன்னு சொல்லிக் குடுத்தாங்க."

"அவங்க எங்க இருக்காங்க?"

"தவறிட்டாங்க."

"அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"அவிங்கம்மாவா இருக்குமுங்க."

தேவகுமாரி கைக்குட்டையை எடுத்துவிட்டு ஜெப்சனைப் பார்த்தார். "ரொம்பக் காலமா நடந்துட்டு இருக்கு," என்றார்.

வேலுசாமிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. முன்னால் வந்து ஒரு சல்யூட் அடித்தார். "அம்மா, மன்னிக்கோணும். இது கேள்வியே இல்லைங்க. இந்தப் பக்கம் ஆளைக் கூப்புடறதே அப்படித்தானுங்க. நானும் எங்கூட்ல அப்படித்தான் கூப்புடறனுங்க. எங்க சம்சாரமும் என்னைய அப்படித்தானுங்க."

தகரத்தின் மேல் பனி சொட்டுகிற சத்தம் கேட்டது. தேவகுமாரி யோசித்தார். அவர் முட்டாள் இல்லை. விஷயம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அதனால்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏட்டு, அறிக்கை எங்க இருக்கு?"

"மேல போயிருச்சுங்கம்மா."

"நான் அதுக்கு ஒப்புதல் எழுதி அதுக்கும் மேல அனுப்பிட்டேன். அங்க ஒரு கமிட்டி போட்டிருக்காங்க. இப்ப வந்து அது கேள்வி இல்லன்னு சொன்னா, கமிட்டி எதைப் பத்தி ஆராயும்?"

வேலுசாமி சல்யூட் அடித்த கையை இறக்கிக்கொண்டார்.

"மேல போனது மேலயே இருக்கட்டும். இனிமே அது கேள்விதான்," என்றார் தேவகுமாரி. "கேள்வின்னு ஆயிட்டா பதில் குடுத்துத்தான் அனுப்பணும். இவரை நிறுத்தினதுக்குக் காரணம் என்ன, ஜெப்சன்?"

"அதான் மேடம் தெரியல. நான் கையத் தூக்குனேன், இவன் ஏன்னு கேட்டான்."

"அதுதான் காரணம்."

"எது மேடம்?"

"ஏன்னு கேட்டது."

ஜெப்சன் முகம் மலர்ந்தது. இரண்டு நாளாகத் தேடியது கண்ணெதிரேயே இருந்திருக்கிறது. உடனே உட்கார்ந்து எழுதினார். நிறுத்தியதற்கான காரணம்: நிறுத்தியதற்கான காரணத்தைக் கேட்டது. தேவகுமாரி படித்துப் பார்த்து, கேட்டது என்பதற்கு முன்னால் முன்கூட்டியே என்று சேர்த்தார். காரணத்தை நிறுத்தப்பட்டவருக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும் என்பது விதி. அவரே எழுந்து நின்று விளக்கினார். விளக்கம் நீண்டது. விழிப்புணர்வு நல்லதுதான் என்றும், ஆனால் அது போலீசுக்கு முன்னால் விழித்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார். ஒவ்வொரு குடிமகனும் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்துகொண்டதை வெளியே காட்டாமல் இருப்பதே நல்ல குடிமகனுக்கு அழகு என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாயங்கால மாரமங்கலம் பஸ் ஹாரன் அடித்தது. ஆராயி வாசலைப் பார்த்தாள். சின்னராஜ் பார்க்கவில்லை. பஸ் ரவுண்டானாவைச் சுற்றிச் சத்தம் தேய்ந்து போகிற வரைக்கும் தேவகுமாரி மனித உரிமையில்தான் இருந்தார்.

"புரிஞ்சுதா?" என்றார் கடைசியில்.

"புரிஞ்சுதுங்க."

"இன்னும் ஏதாவது கேக்கணுமா?"

"இல்லீங்க."

"வெரி குட்," என்றார் தேவகுமாரி. காருக்குப் போகும்போது ஜெப்சனின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

கார் போன பிறகும் சின்னராஜ் அங்கேயே நின்றார். தகடு மேசை மேல்தான் இருந்தது. அதன் மேல் ஒரு ஃபைலும் டீ குடித்த கிளாசும் இருந்தன. கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கு வாயைத் திறந்தார். முதலில் என்ன வார்த்தை வரும் என்று அவருக்குத் தெரியும். மூடிக்கொண்டார்.

"தகட்டைக் குடுத்துரலாமுங்களா?" என்று வேலுசாமிதான் அவருக்காக எஸ்.ஐ.யைக் கேட்டார்.

"அதை நாம பறிமுதலே பண்ணலியே, ஏட்டையா," என்றார் ஜெப்சன். "பறிமுதல் பண்ணுனாத்தான் திருப்பிக் குடுக்க முடியும். பண்ணாதத எப்படித் திருப்பிக் குடுக்க? அதுக்கு மேல கேட்டு எழுதணும்."

ஆராயி நேராக மேசைக்குப் போனாள். கிளாசை எடுத்துக் கீழே வைத்தாள். ஃபைலை எடுத்து நாற்காலியில் வைத்தாள். தகட்டைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

"ஏம்மா!" என்று கத்தினார் ஜெப்சன்.

ஆராயி நின்றாள். திரும்பினாள். இரண்டு நாளில் அந்தக் கொட்டகையில் அவர்களை யாரும் எதையும் ஏன் என்று கேட்டதில்லை.

"ஏன்னுங்களா?" என்றாள். "சொல்றனுங்க. எங்க தொட்டியில கெடக்கறது இந்த வருஷத்துப் பழம் பூராவுமுங்க. பூத்தப்ப மழை சரியாப் பேயல, அதுலயும் நின்னது இவ்வளவுதான். நேத்துக் காத்தால பறிச்சது. இந்தத் தகடு நேத்து மத்தியானம் ஊடு வந்திருந்தா நேத்தே தோலெடுத்து இன்னிக்குக் கழுவிப் போட்டிருப்பமுங்க. இப்ப அது பொழைக்குமான்னு எனக்குத் தெரியல. தெரியாமயே இத எடுத்துக்கிட்டுப் போறன். அதானுங்க காரணம்."

ஜெப்சன் அவசரமாகக் கையை ஆட்டி மறுத்தார்.

"எம்மா, நான் ஒன்னய ஏன்னு கேக்கவே இல்ல. கூப்பிட்டேன். எங்க ஊர்ப் பக்கம் பொம்பளயாளக் கூப்பிடுறதே அப்படித்தான்."

"கேக்கலீங்களா?"

"இல்லங்கேன்லா." அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "கூப்பிடுறதுக்கும் கேக்கிறதுக்கும் ஒங்க ஊர்ல வித்தியாசமே தெரியாதா?"

வேலுசாமி சுவரில் இருந்த பலகையை முதல் வரியிலிருந்து மிகக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார்.

ஆராயி தகட்டோடு வெளியே இறங்கினாள். சின்னராஜ் கும்பிட்டுவிட்டு அவள் பின்னால் போனார். ஜெப்சன் தடுக்கவில்லை. தடுத்தால் அது இன்னொரு நிறுத்தமாகிவிடும். அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

பஸ் இல்லை. கொஞ்ச தூரம் நடந்து, பிறகு ஒரு காய்கறி வண்டியில் தொற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தபோது வெகு ராத்திரி ஆகிவிட்டது. வண்டியை நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் ஆராயிதான் ஏனுங்க என்று வண்டிக்காரரைக் கூப்பிட்டாள். சின்னராஜ் கூப்பிடாமல் வண்டியின் பக்கத் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

விடிந்ததும் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் தெரியவில்லை. மேலெல்லாம் நுரை மொத்தமாகக் கட்டியிருந்தது. கையை விட்டால் கதகதவென்று இருந்தது. வாடை வாசல் வரைக்கும் வந்தது.

"உட்டுருங்க," என்றாள் ஆராயி. "குழி வெட்டிக் கொட்டீரலாம். எருவுக்காவது ஆகும்."

சின்னராஜ் பல்பரைக் கழுவினார். தேய்ந்த தகடு இருந்த இடத்தில் புதுத் தகட்டை உருளையோடு வளைத்துப் பொருத்தி ஆணி அடித்தார். தட்டிப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். ஆராயி கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். பிறகு கூடையில் பழத்தை அள்ளிக்கொண்டு வந்து மேலே போட்டாள்.

தோல் ஒரு பக்கமாக விழுந்தது. கொட்டை ஒரு பக்கமாக விழுந்தது. செவ்வாய்ப்பேட்டைக்காரர் நல்ல கைக்காரர்தான். போன வருடம் முழுக்க ஒரு கூடைக்கு ஒரு பிடி வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. இப்போது சின்னராஜ் குனிந்து விரலால் கிளறிப் பார்த்தார். ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. முழு முழுக் கொட்டையாக, ஒரே அளவாக, வழவழப்போடு வந்து விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் புளித்த கொட்டை.

தொட்டி தீர்கிற வரைக்கும் சுற்றினார்கள்.